குடும்ப அறக்கட்டளை: கடலூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர், நெல்லிக்குப்பம், பண்ருட்டி பக்கத்தில் சில குடும்பங்கள் நடத்தும் சிறு அறக்கட்டளைகளுக்கு நான் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். அறக்கட்டளை தொடங்க நினைக்கிறவர்களும் சரி, உதவி கேட்டு வருகிறவர்களும் சரி, திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்து, எனக்குத் தெரிந்த பதில்களை எழுதியிருக்கிறேன்.

ஒரு விஷயம் முதலிலேயே. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்ததால் பிரிவு எண்கள் மாறிவிட்டன. இங்கே எல்லோர் வாயிலும் பழகிய 12ஏ, 80ஜி என்ற பழைய பெயர்களையே சொல்கிறேன் (இவை என்ன என்பது கீழே வரி பற்றிய கேள்வியில் வரும்). புதிய எண்ணை ஆடிட்டர் போட்டுக்கொள்வார்.

"நாங்கதான் வருஷா வருஷம் அன்னதானம் போடுறோம், நோட்டு வாங்கித் தர்றோம். அதுக்கு எதுக்கு சார் அறக்கட்டளை?"

கட்டாயம் இல்லை. வருடத்துக்கு ஒரு முறை, கையில் இருப்பதைக் கொடுப்பதற்குப் பத்திரமும் வேண்டாம், ஆடிட்டரும் வேண்டாம். தாராளமாக அப்படியே தொடருங்கள்.

உங்களுக்குப் பிறகும் அது நடக்க வேண்டும் என்று நினைத்தால்தான் அறக்கட்டளை தேவைப்படுகிறது. நம் மாவட்டத்திலேயே இதற்குச் சான்று உண்டு. 1867 மே 23 அன்று வள்ளலார் வடலூரில் தொடங்கிய தருமச்சாலையில் அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. பார்வதிபுரத்து மக்கள் கொடுத்த நிலத்தில் எழுந்தது அது. தொடங்கியவர் இல்லாமலும் நடக்கும்படி ஓர் ஏற்பாடு இருந்ததால்தான் ஒன்றரை நூற்றாண்டு தாண்டியும் அங்கே இலை போடுகிறார்கள்.

அறக்கட்டளைக்கு எழுதி வைத்த பணம் அந்த நிமிடத்திலிருந்து உங்கள் பணம் இல்லை, ஊரின் பணம். நீங்கள் அதைப் பார்த்துக்கொள்கிறவர், அவ்வளவுதான். கீழே வரும் பாதிக் கேள்விகளுக்குப் பதில் இதிலேயே அடங்கியிருக்கிறது.

"எங்க போய்ப் பதிவு பண்ணணும்?"

சார்பதிவாளர் அலுவலகத்தில். மகாராஷ்டிராவில் இருப்பது போலப் பொது அறக்கட்டளைகளுக்கென்று தனிச் சட்டமோ தனி ஆணையரோ தமிழ்நாட்டில் இல்லை. கோயில் சார்ந்தவற்றுக்கு மட்டும் அறநிலையத்துறை உண்டு. அதனால் அறக்கட்டளைப் பத்திரத்தை முத்திரைத்தாளில் எழுதி, நிறுவனர், அறங்காவலர்கள், இரண்டு சாட்சிகள் ஆகியோரின் அடையாளச் சான்றுகளோடு போய்ப் பதிவு செய்ய வேண்டும். பிறகு அறக்கட்டளை பெயரில் பான் எண், வங்கிக் கணக்கு.

பத்திரம் எழுதுகிறவரிடம் இருக்கும் பழைய நகலில் பெயரை மட்டும் மாற்றிக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். நோக்கம், அறங்காவலரை நியமிப்பதும் நீக்குவதும், மூடினால் சொத்து எங்கே போகும் என்ற மூன்று பத்திகளையும் உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள். அறங்காவலர்களில் ஒருவராவது குடும்பத்துக்கு வெளியே இருக்கட்டும். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருந்தால் அதைவிட நல்லது.

"எவ்ளோ பணம் இருந்தா ஆரம்பிக்கலாம்? கோடிக்கணக்குல வேணுமோ?"

வேண்டாம். ஆயிரம் ரூபாயிலும் பத்திரம் எழுதுகிறார்கள். ஆனால் நடைமுறையில் ஆடிட்டர் கட்டணம், கணக்கு எழுதும் செலவு எல்லாம் போக ஊருக்கு ஏதாவது மிஞ்ச வேண்டுமே.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 லட்சம் ரூபாயை மூலநிதியாக வங்கியில் போட்டு, வட்டி 7 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 1,40,000 ரூபாய் வரும். வரிவிலக்கு நிலைக்க, அந்த வருமானத்தில் 85 சதவீதத்தை, அதாவது 1,19,000 ரூபாயை, அந்த வருடமே நோக்கத்துக்காகச் செலவழிக்க வேண்டும். சின்ன ஊரில் இந்தத் தொகை பெரிய வேலை செய்யும். முடியாத வருடத்தில், காரணத்தையும் நோக்கத்தையும் எழுதிக் கொடுத்து 5 ஆண்டு வரை சேர்த்து வைக்கவும் வழி இருக்கிறது.

மூலநிதியைத் தெரிந்தவரிடம் இரண்டு வட்டிக்கு விடுவதோ, நகைக்கடைச் சீட்டில் போடுவதோ கூடாது. வங்கி, அஞ்சலகம் போன்று சட்டம் சொல்லும் இடங்களில்தான் வைக்கலாம்.

"அப்பா உயில்லயே தருமத்துக்குன்னு எழுதிட்டாரு. அது போதாதா?"

உயில் செல்லும். ஆனால் எழுதியவர் இல்லாதபோது அதை நிறைவேற்றுகிற ஆள் யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பச்சையப்ப முதலியார் 1794-ல் இறப்பதற்கு முன் தன் செல்வத்தைத் தர்மங்களுக்கு எழுதி வைத்தார். சிதம்பரம் கோயில் திருப்பணியிலும் அவர் பெயர் உண்டு. ஆனால் அவர் போன பிறகு சொத்து வழக்கிலும் இழுபறியிலும் சிக்கியது. அந்தப் பணத்தில் சென்னையில் பள்ளி திறந்தபோது ஆண்டு 1842. இடையில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடிவிட்டது.

அதனால் வசதி இருக்கிறவர்கள் உயிரோடு இருக்கும்போதே சிறிய அளவில் தொடங்கி, நாலைந்து வருடம் நடத்திப் பார்த்து, மீதியை உயிலில் அதே அறக்கட்டளைக்கு எழுதி வையுங்கள் என்பேன்.

"வரி குறையும்னு சொல்றாங்களே, உண்மையா?"

இரண்டு தனித்தனி விஷயங்களை ஒன்றாகப் பேசுகிறோம். 12ஏ பதிவு அறக்கட்டளையின் வருமானத்துக்கு வரிவிலக்குத் தருவது. 80ஜி ஒப்புதல் அறக்கட்டளைக்குக் கொடுக்கிறவருக்கு வரிக்கழிவு தருவது. முதலில் கிடைப்பது தற்காலிகப் பதிவு. பணிகள் தொடங்கியதும் முறையான பதிவுக்கு மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். இந்த இரண்டாவது விண்ணப்பத்தைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

80ஜி-யில் நன்கொடையில் 50 சதவீதம்தான் கழியும், அதற்கும் உச்சவரம்பு உண்டு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவே இல்லை. யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற பட்டியலை அறக்கட்டளை வருடாவருடம் வருமான வரித்துறைக்குத் தாக்கல் செய்து, கொடுத்தவருக்குச் சான்றிதழ் எடுத்துத் தர வேண்டும். கையால் கிழித்துக் கொடுக்கும் ரசீது மட்டும் இப்போது போதாது.

பழைய, புதிய என்ற இரண்டு வரிமுறைகளில் புதியதில் கணக்குத் தாக்கல் செய்கிறவர்களுக்கு 80ஜி கழிவு கிடையாது என்பதையும் சொல்லிவிடுங்கள். இன்றைக்கு மாதச் சம்பளக்காரர்கள் பலர் அந்த முறையில்தான் இருக்கிறார்கள். வரி குறையும் என்று சொல்லி நன்கொடை வாங்கினால் அடுத்த வருடம் அவர்கள் முகத்தில் விழிக்க முடியாது.

"எங்க அண்ணன் பையனும் கஷ்டப்படுறவன்தான். அவனுக்கும் ஃபீஸ் கட்டலாமா?"

கட்டலாம், உங்கள் சொந்தப் பணத்திலிருந்து. அறக்கட்டளைப் பணத்திலிருந்து கூடாது. நிறுவனர், அறங்காவலர், இவர்களின் உறவினர், பெரிய தொகை கொடுத்தவர் யாருக்கும் தனிப்பட்ட பலன் போகக் கூடாது என்கிறது சட்டம். அண்ணன், தம்பி பிள்ளைகளும் அந்த உறவினர் பட்டியலில் வருகிறார்கள். மீறினால் அப்படிப் போன தொகைக்கு வரியும் அபராதமும் வரும்.

நோட்டுப் புத்தகங்களைக் குடும்பத்துக் கடையிலேயே வாங்குவதையும் நான் தடுப்பேன். சந்தை விலைக்கு மேல் ஒரு ரூபாய் போனாலும் அது குடும்பத்துக்குப் போன பலன்தான். வேறு கடையே இல்லை என்றால் மூன்று இடத்தில் விலைப்பட்டியல் வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

"எங்க சாதிப் பிள்ளைகளுக்கு மட்டும்னு எழுதலாமா? கோயிலுக்குக் கொடுக்கலாமா?"

ஒரு குறிப்பிட்ட சாதிக்கோ மதத்தினருக்கோ மட்டும் என்று பத்திரம் எழுதினால் தரும அறக்கட்டளைக்கான வரிவிலக்கும் 80ஜி-யும் கிடைக்காது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், பெண்கள், குழந்தைகள் நலனுக்காக என்று எழுதுவதற்கு இந்தத் தடை இல்லை. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரே தெருவில் விளையாடும் பிள்ளைகளில் ஒருவனுக்குப் பை கிடைத்து, பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கிடைக்காமல் போவது ஊருக்குச் செய்யும் உதவி ஆகாது.

80ஜி உள்ள அறக்கட்டளை மதம் சார்ந்த செலவுக்கு வருட வருமானத்தில் 5 சதவீதம் வரைதான் போகலாம். கோயில் திருப்பணிதான் உங்கள் ஆசை என்றால், அதைச் சொந்தக் கணக்கிலிருந்து நேரடியாகக் கோயில் அலுவலகத்தில் ரசீது போட்டுக் கட்டிவிடுங்கள்.

"எதுக்குக் கொடுக்கறதுன்னே தெரியல. படிப்புக்கா, வைத்தியத்துக்கா?"

அரசு எதை ஏற்கெனவே தருகிறது என்று முதலில் பாருங்கள். அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவு வந்துவிட்டது. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்திலும், பையன்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. 7.5 சதவீத இடஒதுக்கீட்டில் மருத்துவம், பொறியியல் சேர்கிற அரசுப் பள்ளி மாணவருக்குக் கட்டணத்தை அரசே கட்டுகிறது. இதன் மேலேயே நீங்களும் கொண்டுபோய்க் கொட்டுவதில் பயனில்லை.

இந்தத் திட்டங்களுக்கு நடுவில் இருக்கும் ஓட்டையைத் தேடுங்கள். மாதம் ஆயிரம் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் வரும். சேர்வதற்கு முன்பு, மே, ஜூன் மாதங்களில் ஆகும் செலவை யார் தருவார்? விடுதி முன்பணம், ஒரு ஜோடி செருப்பு, இரண்டு செட் துணி, போய்வர பஸ் செலவு. ஐயாயிரம் ரூபாய் இல்லாமல் இடம் கிடைத்தும் சேராத பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஊர்க்கார அறக்கட்டளை இரண்டே நாளில் கொடுக்க முடிகிற பணம் இது. எந்தப் பெரிய நிறுவனத்தாலும் அந்த வேகத்தில் கொடுக்க முடியாது.

இன்னொன்று: முள்ளோடை தாண்டினால் வேறு அரசு. பாகூர்ப் பக்கம் புதுச்சேரி அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு மேலே சொன்ன தமிழ்நாட்டுத் திட்டங்கள் பொருந்தாது. உங்கள் பத்திரத்தில் கடலூர் மாவட்டம் மட்டும் என்று எழுதாமல் இருந்தால் அங்கேயும் உதவலாம்.

வைத்தியத்தில் பெரிய அறுவைச் சிகிச்சைச் செலவு சின்ன அறக்கட்டளையின் மூலநிதியையே விழுங்கிவிடும். ஆனால் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கு மாதக்கணக்கில் போய்வரும் நோயாளிக்கும் துணைக்குப் போகிறவருக்கும் பஸ் காசு, சாப்பாட்டுச் செலவு, வேலைக்குப் போகாததால் இழந்த கூலி என்று ஒரு செலவு இருக்கிறது. சிகிச்சையைப் பாதியில் விடுகிறவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் இந்தச் செலவைத்தான் சொல்கிறார்கள்.

"ஸ்கூலுக்கு ஸ்மார்ட் போர்டு வாங்கித் தரலாம்னு இருக்கோம், எப்படி?"

வாங்குவதற்கு முன் பள்ளிக்கு ஒரு முறை போங்கள். தலைமையாசிரியர் அறையில் மட்டும் உட்கார்ந்துவிட்டு வராதீர்கள். பண்ருட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கு இதே போர்டு விஷயமாகப் போனபோது, ஒன்பதாம் வகுப்புப் பெண்களிடம் என்ன வேண்டும் என்று கேட்டோம். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு பெண், கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்றாள். போய்ப் பார்த்தால் நான்கு கதவில் மூன்றில் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் துருப்பிடித்த ஓட்டை. ஒருத்தி உள்ளே போனால் தோழி வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மூன்று தாழ்ப்பாள், ஒரு வாளி, மாதாமாதம் பினாயில், சுத்தம் செய்கிறவருக்குக் கூடுதலாக ஒரு தொகை. அந்த வருடம் அந்தப் பள்ளிக்கு அறக்கட்டளை செய்தது இவ்வளவுதான். போர்டைவிட நூறு மடங்கு தேவையானது அது.

பணம் கொடுப்பதானால் பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானத்தோடு கொடுங்கள். 2022 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி திட்டத்தின் வழியாகவும் குறிப்பிட்ட பள்ளியைச் சொல்லிக் கொடுக்கலாம். குளம், சுற்றுச்சுவர் போன்ற பெரிய வேலைகளுக்கு நமக்கு நாமே திட்டத்தைப் பாருங்கள். பொதுவாக மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மீதியை அரசு போடும்.

"உங்ககிட்ட தெரிஞ்சவங்க சொன்னாத்தான் உதவி கிடைக்குமா?"

இது உதவி கேட்டு வருகிறவர்களின் கேள்வி. இந்தச் சந்தேகம் வருவதற்கு இடம் கொடுப்பதே அறக்கட்டளையின் குறை. ஒரு பக்கத்தில் தமிழில் விண்ணப்பம், கடைசித் தேதி, யார் முடிவு செய்வார்கள் என்ற விவரம் ஆகியவற்றை ரேஷன் கடை, நூலகம், பள்ளி அறிவிப்புப் பலகைகளில் ஒட்டிவிடுங்கள். பத்துச் சான்றிதழ் கேட்டு அலைய விடாதீர்கள். கல்விக் கட்டணமாக இருந்தால் கல்லூரியின் பெயருக்கே கட்டிவிடலாம்.

கிடைக்காதவர்களுக்குக் காரணத்தைச் சொல்லுங்கள். "இந்த வருடம் பணம் தீர்ந்துவிட்டது, அடுத்த மே மாதம் வாருங்கள்" என்ற ஒரு வரி போதும்.

"புயல், வெள்ளம் வந்தா உடனே இறங்கணுமா?"

நம் கரைக்கு இது எப்போதாவது வரும் கேள்வி இல்லை. 2004 டிசம்பர் 26 சுனாமி, 2011 டிசம்பர் 30 தானே புயல், 2015 வெள்ளம், 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல், அதைத் தொடர்ந்து சாத்தனூர் அணை நீரும் சேர்ந்து பெண்ணையாற்றில் வந்த வெள்ளம். அதனால் வருமானத்தில் ஒரு பகுதியை இதற்கென்று ஒதுக்கி வைப்பது நல்லது. மேலே சொன்ன 85 சதவீத விதி இதற்கும் உண்டு. மழைக்காலம் அமைதியாகப் போனால் மார்ச் முடிவதற்குள் அந்தப் பணத்தை வேறு பணிக்குத் திருப்பிவிடுங்கள்.

முதல் மூன்று நாள் சோறு, தண்ணீர், பாய். இதற்கு ஊரே ஓடிவரும், நீங்களும் போங்கள். ஆனால் உங்கள் பணத்தில் பெரும்பகுதியை நாலாவது வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். சுனாமியின்போது வந்து குவிந்த பழைய துணிகள் கடற்கரை ஊர்களில் சாலையோரம் நனைந்து கிடந்தன. சில இடங்களில் தேவைக்கு மேல் படகுகளே வந்தன. தானே புயலில் பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. அரிசி ஒரு வாரத்தில் வந்தது, புதுக் கன்று காய்க்கப் பல வருடம் ஆனது. அந்த வருடங்களில் அந்த வீட்டுப் பிள்ளைகளின் படிப்புச் செலவை யாராவது பார்த்தார்களா என்பதுதான் உள்ளூர் அறக்கட்டளை கேட்க வேண்டியது.

நிவாரணப் பட்டியல் பெரும்பாலும் ரேஷன் அட்டையை வைத்துப் போடுவது. அட்டை இல்லாத இருளர் குடும்பங்களும் வாடகை வீட்டில் இருக்கிறவர்களும் விடுபடுவார்கள். முதலில் அங்கே போங்கள்.

"பாண்டிச்சேரியில இருக்குற சித்தப்பா பிரெஞ்சு பென்ஷன்காரர். அவர் பணம் தந்தா வாங்கலாமா?"

அவருடைய பாஸ்போர்ட் எது என்று கேளுங்கள். பிரெஞ்சுக் குடியுரிமை என்றால், அவர் பிறந்ததிலிருந்து புதுச்சேரியிலேயே இருந்தாலும், ரூபாயிலேயே கொடுத்தாலும் அது வெளிநாட்டு நன்கொடை. 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்று ஓசிஐ அட்டை வைத்திருக்கிற உறவினருக்கும் இதுதான். மாறாக, துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை செய்தாலும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது.

ஏற்கெனவே பதிவு உள்ள வேறு தொண்டு நிறுவனம் வாங்கி நமக்குத் தரட்டும் என்று சிலர் யோசனை சொல்வார்கள். 2020 திருத்தத்துக்குப் பிறகு அப்படிக் கைமாற்றவும் தடை. சித்தப்பா அந்த நிறுவனத்தின் பணிக்கே கொடுக்கட்டும்.

"சிப்காட் கம்பெனிகளோட சிஎஸ்ஆர் பணம் நமக்கு வருமா?"

சிஎஸ்ஆர் என்பது கம்பெனிகள் சமூகப் பணிக்கென்று செலவழிக்கும் பணம். 12ஏ, 80ஜி, சிஎஸ்ஆர் பதிவு எண், அதே மாதிரிப் பணியில் மூன்று வருட அனுபவம் இவையெல்லாம் இருந்தால் கேட்கலாம். முதல் மூன்று வருடம் அதை நினைக்காதீர்கள்.

"அம்மா பேரைக் கல்வெட்டுல போடலாமா? குடுக்கும்போது போட்டோ எடுக்கலாமா?"

அம்மா பெயரைத் தாராளமாகப் போடுங்கள். ஊரில் யாருக்கும் அதில் வருத்தம் இருக்காது. போட்டோ வேண்டாம். உதவி வாங்கும் பிள்ளையை மேடையில் நிற்க வைத்து எடுத்த படம் வாட்ஸப்பில் சுற்றி, வகுப்பு நண்பர்கள் கைக்கும் போகும். அறிக்கையில் எண்ணிக்கையும் தொகையும் போதும். கட்டடத்தையோ மரக்கன்றையோ படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

"கணக்கு கேட்க ஊர்க்காரங்களுக்கு உரிமை இருக்கா?"

இருக்கிறது. பொது அறக்கட்டளையில் அக்கறை உள்ள இரண்டு பேர் சேர்ந்து, நீதிமன்ற அனுமதியோடு, உரிமையியல் நடைமுறைச் சட்டம் 92-ஆம் பிரிவின்படி வழக்குப் போடலாம். அறங்காவலரை நீக்கவும் கணக்குக் கேட்கவும் நீதிமன்றத்தால் முடியும். அதுவரை போக விடாமல், வருடத்துக்கு ஒரு முறை வரவு செலவை ஒரே தாளில் எழுதி நூலகத்தில் ஒட்டிவிடுங்கள்.

"பசங்க அமெரிக்காவுல செட்டில் ஆயிட்டாங்க. எங்களுக்கு அப்புறம் மூடிட்டு சொத்தை அவங்களுக்கே கொடுத்துடலாமா?"

முடியாது. முதல் பதிலில் சொன்னதுதான், அது ஊரின் பணம். பொது அறக்கட்டளையின் சொத்து குடும்பத்துக்குத் திரும்பாது. மூடுவதானால் அதே போன்ற நோக்கமுள்ள இன்னொரு அறக்கட்டளைக்குத்தான் போக வேண்டும்.

பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்தாலும் அறங்காவலராக இருக்கலாம், ஆனால் கையெழுத்துக்காக ஊரே காத்திருக்கும். அவர்கள் ஆலோசனை சொல்லட்டும். அன்றாடப் பொறுப்பை உங்களிடம் உதவி வாங்கிப் படித்து, இன்று உள்ளூரிலேயே வேலையில் இருக்கும் பெண்ணுக்கோ பையனுக்கோ கொடுங்கள். நீங்கள் நடமாடும்போதே அவர்களை அறங்காவலராகச் சேர்த்து, வங்கிக் கையெழுத்தையும் மாற்றிவிடுங்கள். பத்திரத்தில் அதற்கு இடம் தரும் பத்தி இருக்கிறதா என்று எடுத்துப் பாருங்கள். இல்லையென்றால் துணைப் பத்திரம் எழுதலாமா என்று வழக்கறிஞரிடம் இந்த மாதமே கேளுங்கள்.